தங்கபுஷ்பத்தின் வெள்ளரிக்கு என்ன குறை?

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது என்றுதான் இந்த மாதிரிக் கதைகளை ஆரம்பிக்க வேண்டும். முயல் இருந்தது, அதில் சந்தேகமில்லை. அது தொடர்ந்து அங்கேயே இருக்கலாமா என்பதைத்தான் காட்டுத் தோட்டக்கலைத் துறை இன்னும் முடிவு செய்யவில்லை.

முயலின் பெயர் தங்கபுஷ்பம். பெயர் வைத்த பிறகு 'அது' என்று சொல்ல வாய் வரவில்லை, 'அவள்' என்றே சொல்லிவிடுவோம். ஓடைக்கரையில் கொஞ்சம் மேடான இடத்தில் அவளுக்கு ஒரு வளை. மழைக்குத் தண்ணீர் ஏறாது, வெயிலுக்குச் சூடேறாது, வாசலில் நின்றால் பருந்து வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். புருஷன்காரன் பக்கத்துக் காட்டில் பிழைக்கப் போனவன், போனவன்தான். தங்கபுஷ்பம் மாசமாக இருந்தாள். முயலுக்கு மாசம் என்றால் ஒன்றா இரண்டா, வயிறு முழுக்கக் குட்டிகள். பிரசவத்துக்கு அந்த வளையை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

இப்படி இருக்கும்போது காட்டு ராஜாவான சிங்கம் வெளிக்காடுகளுக்குச் சுற்றுப்பயணம் போய்விட்டு வந்தது. ராஜாக்கள் சுற்றுப்பயணம் போனால் எதையாவது பிடித்துக்கொண்டு வருவார்கள், அதை நாம் அனுபவிக்க வேண்டும். இந்த முறை வந்தது மண்ணில்லா விவசாயம். மண்ணில் செடி வளர்ப்பது காட்டுமிராண்டித்தனம் என்று சிங்கம் அறிவித்தது. காட்டில் பிறந்து காட்டிலேயே வளர்ந்தவர்கள் அதைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். ஒருவருக்காவது கோபம் வந்திருக்கலாம், வரவில்லை.

வீட்டுக்கு ஒரு பை, ஒரு நார்த்தூள் கட்டி, ஒரு வெள்ளரி நாற்று கொடுத்தார்கள். நார்த்தூள் என்பது தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நாரை உரித்த பிறகு உதிரும் பழுப்புத் தூள். அதைச் செங்கல் மாதிரி அழுத்தி அனுப்புவார்கள். தண்ணீரில் போட்டால் பொங்கிப் பை நிறைந்துவிடும், அதில் செடியை நட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் அதிகாரி வந்து பார்ப்பார். எந்தப் பையில் சத்துக்குறைபாடு தெரிகிறதோ அந்த வீட்டுக்காரர் ஓடைக்கரையைக் காலி செய்துவிட்டு முள்ளுப்பாறைக்குப் போக வேண்டும். ஓடைக்கரை இனிமேல் முன்னேறிய விவசாயிகளுக்கு மட்டும்தானாம். முள்ளுப்பாறை என்பது பருந்துகள் மதியச் சாப்பாட்டுக்கு இறங்குகிற இடம்.

இங்கே ஒரு விஷயத்தை இப்போதே உடைத்துவிடுகிறேன். மர்மக்கதை கேட்கும் நினைப்பில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து போகலாம். அந்தத் தேங்காய் மட்டைகள் கடலோரத்து உப்பங்கழியில் ஊறியவை. கட்டி முழுக்க உப்பு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி ஊற்றிவிட்டு நட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும்.

தங்கபுஷ்பம் அலசவில்லை. அவள் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அளவுக்கு மீறிச் சொன்னபடி கேட்பவள். காட்டில் டவர் வந்த புதிது, எல்லோர் கையிலும் கைபேசி. 'நார்ப்பை நலக் குழு' என்று ஒரு குழு இருந்தது. அதை நடத்தியவர் கோமளவல்லி மேடம் என்கிற மயில். மேடம் தினமும் விடிந்ததும் தோகையை விரித்து ஒரு படம் போடுவார், கீழே ஒரு அறிவுரை இருக்கும். "சொட்டுத் தண்ணியைக் கூட வீணாக்காதீங்க. பைக்கு அடியில தட்டு வைங்க. வடிஞ்ச தண்ணியைத் திரும்ப ஊத்துங்க. அதுல இருக்கிறதெல்லாம் சத்து" என்பது முதல் நாள் அறிவுரை. தங்கபுஷ்பம் அன்றைக்கே பைக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தாள். வடிந்ததை எடுத்து மேலே ஊற்றினாள். அது மறுபடி வடிந்தது, அதையும் எடுத்து ஊற்றினாள். உப்புக்கு வெளியே போக ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை அவள் தினமும் பொறுப்பாக அடைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அய்யாத்துரை ஒரு ஆமை. அவருக்கு அறிவுரை என்றாலே அலர்ஜி, வேலை என்றால் அதைவிட அலர்ஜி. கட்டியை ஊற வைக்கச் சொன்னார்கள் என்று ஓடையில் போட்டார். போட்டவர் அதன் மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் எழுந்தபோது ஓடை அந்தத் தூளை அலசு அலசு என்று அலசி முடித்திருந்தது. அதை அள்ளிப் பையில் போட்டு நாற்றை ஊன்றினார். குழுவில் அவரும் இருந்தார், ஆனால் எதையும் படித்ததில்லை. தண்ணீர் ஊற்றும்போது குடத்தைச் சாய்த்துவிட்டுக் கொட்டாவி விடுவார், பை நிறைந்து வழிந்து வாசலெல்லாம் ஓடும். உரம் நினைவு வந்தால் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார். அவருடைய வெள்ளரி வேலியில் ஏறிக் கூரையைப் பிடித்துக்கொண்டது.

தங்கபுஷ்பத்தின் வெள்ளரி நான்கைந்து இலை விட்டதும் முகம் சுண்டியது. அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மஞ்சளாகியது. அவள் பதறிப்போய்ப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

"மெக்னீசியம் குறைபாடு. பாத்தாலே தெரியுதே" என்றார் மேடம்.

அவள் பாலகுருசாமி கடைக்கு ஓடினாள். பாலகுருசாமி ஓணான், மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். அதனாலேயே காட்டில் அவருக்கு நல்ல பெயர்.

"மெக்னீசியம் குறையாம் அண்ணாச்சி."

ஓணான் தலையை ஆட்டினார். "அதான், அதான். நானும் அதைத்தான் நெனச்சேன்." ஒரு பொட்டலம் கைமாறியது, பதிலுக்கு அவள் சேர்த்து வைத்திருந்த கிழங்கில் ஒரு பகுதி போனது.

பொட்டலத்தைக் கரைத்து ஊற்றினாள். வடிந்ததைத் திரும்ப ஊற்றினாள். ஒரு வாரத்தில் இலை நுனி கருகியது. மறுபடி படம்.

"நுனி கருகினா பொட்டாஷ் பத்தலைன்னு அர்த்தம்" என்றார் மேடம். ஓணான் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் குருத்து சுருண்டது. குருத்து சுருண்டால் கால்சியமாம். ஓணான் இன்னும் வேகமாக ஆட்டினார். அதற்கடுத்த வாரம் புது இலை வெளுத்து வந்தது, அது இரும்பு. இப்படியே ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு நோயைச் சொல்ல, தங்கபுஷ்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டலம் வாங்கினாள். அந்தச் செடிக்கு அவள் கொடுக்காதது அவளுடைய ரத்தம் ஒன்றுதான். பச்சைத் தண்ணீர் கேட்டுத் தொண்டை வறண்டு நின்ற செடியின் வாயில் ஆளாளுக்கு உப்பை அள்ளிப் போட்டார்கள். நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

கிழங்கு தீர்ந்துவிட்டது. பிரசவத்துக்கென்று வைத்திருந்தது அது. ஒரு நாள் காலையில் பசி தாங்காமல், சிரட்டையில் வடிந்து கிடந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மேடம்தான் சொல்லியிருக்கிறாரே, எல்லாம் சத்து என்று. குடித்த வேகத்தில் துப்பினாள்.

அவ்வளவு கரிப்பு. நாக்கே சுருண்டுபோகிற கரிப்பு.

தங்கபுஷ்பம் மக்கு இல்லை. சொன்னபடி கேட்பவளை மக்கு என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கம், அவ்வளவுதான். அவள் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். அய்யாத்துரை பைக்குப் பக்கத்தில் நிழலில் படுத்துக் கிடந்தார். மேலே கொடியில் பிஞ்சு பிஞ்சாகத் தொங்கியது.

"அண்ணாச்சி, ஒங்க பையில வடியிற தண்ணிய நான் கொஞ்சம் குடிச்சுப் பாக்கட்டா?"

"ஏ தங்கச்சி, ஓடை அங்கன ஓடுது. வடிகிற தண்ணியையா குடிப்ப?"

"பாக்கத்தான் அண்ணாச்சி."

குடித்தாள். லேசான மண்வாசனை, மற்றபடி வெறும் தண்ணீர்.

"நீங்க இதுக்கு என்ன போட்டீங்க?"

அய்யாத்துரை வெகு நேரம் யோசித்தார். "என்னத்தப் போட்டேன்... தண்ணிதான் ஊத்துனேன். உரமும் எப்பவோ ஊத்துனேன். எதுக்குக் கேக்க?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஞானி ஆமை என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவார்கள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கபுஷ்பம் வளைக்குத் திரும்பும்போதே குழுவில் எழுதினாள். 'மேடம், என் பையில் வடியும் தண்ணீர் கரிக்கிறது. அய்யாத்துரை அண்ணாச்சி பையில் கரிக்கவில்லை. உப்பு சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரியாகுமா?'

மேடம் குரல் பதிவே அனுப்பினார். "இங்க பாருங்கம்மா, வாயில வச்சுப் பாத்து நோய் கண்டுபிடிக்கிற அளவுக்கு நாம இன்னும் இறங்கல. அலசுனா நீங்க இத்தனை நாள் போட்ட சத்தெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்." அதற்குக் கீழே நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பாலகுருசாமி தலையாட்டும் படம் ஒன்றைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேடம் இன்னொரு செய்தியும் போட்டார். அது துறையிலிருந்து வந்த அறிவிப்பு. நாளை மறுநாள் பரிசோதனை. மரங்கொத்தி ஏகாம்பரம் சார் வருகிறார். அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. அதைப் பைக்குள் குத்தினால் உள்ளே எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். செடியைப் பார்த்துத் தீர்மானிப்பது வெறும் அபிப்பிராயம், பையைக் குத்திப் பார்ப்பதுதான் அறிவியல். ஆகவே யாரும் செடியைக் காட்டி வாதாட வேண்டாம்.

தங்கபுஷ்பம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மறுநாள் காலையில் ஓடையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வந்து பைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளரி வாடிக் கிடந்தது. ஆனால் உயிர் இருந்தது. நடுத்தண்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கணு, அதில் ஒரு சின்னப் பற்றுக்கம்பி எதையாவது பிடித்துக்கொள்ள நீண்டிருந்தது. இந்தக் குடத்தை ஊற்றி, இன்னும் நாலு குடம் ஊற்றி, வடிவதை ஓட விட்டால் செடி பிழைக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஊற்றினால் பையிலுள்ள எல்லாம் கழுவிக்கொண்டு போகும், நாளைக்குக் கருவி குறைபாடு என்று சொல்லும், அதுவும் நன்றாகத் தெரிந்தது. வயிற்றில் ஒரு குட்டி உதைத்தது. தொடர்ந்து மற்றவையும் உதைத்தன. முள்ளுப்பாறையில் வட்டமிடுகிற பருந்துகள் இங்கிருந்தே தெரிந்தன.

அவள் அழுதாள். ஒரு வெள்ளரிக்காக அழுவதா என்று கேட்பவர்கள் எதையும் வளர்த்ததில்லை. நாற்றாக ஊன்றிய நாளிலிருந்து அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவள் அவள். அழுதுகொண்டே குடத்துத் தண்ணீரைத் தானே குடித்தாள், மீதியை ஓடையில் கொட்டினாள். பிறகு சிரட்டையில் இருந்த கரிப்புத் தண்ணீரைக் கவனமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், பையில் ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பச்சைக் கணுவும் பழுப்பாகிவிட்டது.

ஏகாம்பரம் சார் மறுநாள் வந்தார். மரங்கொத்திக்கு எதையும் குத்தாமல் இருக்க முடியாது, அப்படிப்பட்டவரின் கையில் துறை ஒரு கருவியையும் கொடுத்திருந்தது. கோமளவல்லி மேடம் கூடவே தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கபுஷ்பத்தின் பையில் செடி காய்ந்த குச்சியாக நின்றது. சார் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பையைக் குத்தினார்.

"கால்சியம், இருக்கு. மெக்னீசியம், தாராளமா இருக்கு. இரும்பு, ம், ம். பொட்டாஷ்... அம்மாடியோ! மேடம், இங்க வந்து பாருங்க. இந்த மாதிரி ஒரு பையை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"நம்ம குழுதான் சார்" என்றார் மேடம்.

தங்கபுஷ்பத்தால் பொறுக்க முடியவில்லை. "சார், செடி செத்துப்போச்சு சார்."

"சத்துக்குறையால சாகலையேம்மா. அப்ப அது எங்க துறை இல்ல."

அடுத்தது அய்யாத்துரை வீடு. அங்கே கொடி கூரை கொள்ளாமல் படர்ந்திருந்தது. காய்கள் சாரின் தலையில் இடித்தன. அடியில் ஒரே ஒரு பழைய இலை வயசாகி மஞ்சள் பூத்திருந்தது. சார் காய்களைக் கையால் விலக்கிவிட்டுக் குனிந்து பையைக் குத்தினார். கருவி முனகியது. சார் முகம் மாறியது.

"கால்சியம் கொஞ்சூண்டு. மெக்னீசியம் கொஞ்சூண்டு. பொட்டாஷ் பேருக்கு. என்னய்யா இது, பையைக் காலியா வச்சிருக்க?"

அய்யாத்துரை ஓட்டுக்குள்ளிருந்து தலையை மெதுவாக நீட்டினார். "சார், போட்டத செடி தின்னுட்டு சார். அதான் இவ்வளவு காய் பிடிச்சிருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். மிச்சம் வைக்காமத் தின்னிருக்கு. அந்தம்மா செடியப் போய்ப் பாரு, ஒரு பொட்டு தொடல. இங்க எலை வேற மஞ்சளா இருக்கு. சத்துக்குறைபாடு, சந்தேகமே இல்ல."

"தண்ணியையும் வாசல்ல ஓட விட்டிருக்காரு சார்" என்றார் மேடம்.

அய்யாத்துரை சுற்றும் முற்றும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கபுஷ்பம் கண்ணில் பட்டாள். "தங்கச்சி, நீ சொல்லு தாயி. என் பைத் தண்ணிய நீ குடிச்சே பாத்தியே. என் செடிக்கு ஏதாவது குறை இருக்கா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மை அவள் நாக்கிலேயே இருந்தது. உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் சார் திரும்பி வந்து அவளுடைய பையையும் வேறு விதமாகக் குத்திப் பார்ப்பார்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்றாள்.

கூட்டத்தில் நின்ற பாலகுருசாமி தலையை ஆட்டினார்.

அய்யாத்துரை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். "உனக்கென்னய்யா கவலை, வீட்டை முதுகுல தூக்கிட்டே போயிடலாம்" என்று சார் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அய்யாத்துரை முள்ளுப்பாறைக்குப் போகிற வழியில் நடந்து போனார். அவர் வேகத்துக்கு அந்தத் தெருவைக் கடக்கவே மதியம் ஆனது. அத்தனை நேரமும் தங்கபுஷ்பம் வளைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வளை இருந்தது.

அந்த வாரமே அவளுக்கு முன்னேறிய விவசாயி என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ராஜாவே கையெழுத்துப் போட்டிருந்தார். குழுவில் அவளை ஆலோசகராகவும் ஆக்கினார்கள். கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. அய்யாத்துரையின் கொடியில் இருக்கும் குறைபாடு மற்ற செடிகளுக்குத் தொற்றிவிடக் கூடாதாம், அதை உடனே அழித்துவிட வேண்டுமாம். பொறுப்பானவள் என்று அந்த வேலையை அவளிடமே ஒப்படைத்தார்கள்.

குட்டிகள் பிறந்திருந்தன. கிழங்கு இல்லை, பால் சுரக்க அவளுக்கு ஏதாவது வயிற்றுக்குப் போயாக வேண்டும். அவள் பக்கத்து வாசலுக்குப் போய் முதல் காயைக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. கடைவாயில் சாறு வழிந்தது. இவ்வளவு இனிப்பான வெள்ளரியை அவள் வாழ்நாளில் தின்றதில்லை. இரண்டாவது காயைத் தின்றாள், இளம் இலைகளைத் தின்றாள். குறைபாட்டை ஒழுங்காக, மிச்சம் வைக்காமல் அழித்தாள்.

அப்போது கைபேசி ஒலித்தது. மேற்குக் கரையிலிருந்து ஒரு அணில் படம் அனுப்பியிருந்தது. அடியிலையில் நரம்பு பச்சை, நடுப்பகுதி மஞ்சள். 'அக்கா, பயமா இருக்கு. அடுத்த பரிசோதனை எங்க கரைக்கு. என் செடிக்கு என்ன குறை?'

தங்கபுஷ்பம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வளைக்குள் குட்டிகள் பாலுக்குக் கத்தின. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு எழுதினாள்: 'மெக்னீசியம் போடுப்பா. வடிகிற தண்ணியை வீணாக்காம திரும்ப ஊத்து.'

நீதி: செடி என்று ஒன்று இருந்தால்தான் சத்துக்குறை வரும், ஆகவே குறையில்லாமல் விவசாயம் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் செடியைத் தொலைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு, பக்கத்து வீட்டில் ஒரு ஏமாளி ஒழுங்காக வளர்த்துக்கொண்டிருப்பான்.